தோப்பை இழந்தவரிடம் பற்றை விடச் சொல்லலாமா?

தலைஞாயிறு விவசாயி:
2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் எங்கள் தோப்பின் தென்னைகளில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடந்த அந்த மரங்களுக்கிடையே என் தந்தை மாலைதோறும் நடப்பார். குரும்பையோடு காய்ந்துபோன பாளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அவரை மன அமைதி வகுப்பு ஒன்றுக்கு உறவினர் அழைத்துச் சென்றார். "பற்றே துன்பத்துக்குக் காரணம் என்பது புத்தர் வாக்கு, தோப்பை மனத்தால் விட்டுவிடுங்கள்" என்று அங்கே அறிவுரை கூறினார்கள். கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்னும் நிலையில், இந்த அறிவுரை இழந்தவரின் வாயை அடைக்கவே உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து. மாறுபடுவோர் எழுதலாம்.

பூம்புகார் வாசகி:
ஐயா, அந்த வகுப்பில் உங்கள் தந்தை கேட்டது பௌத்தத்தில் பாதிகூட இல்லை. சல்லத்த சுத்தம் என்னும் பௌத்த நூற்பகுதியில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். முதல் அம்பின் வலி அறிவுடையவருக்கும் உண்டு. அதன்மேல் மனம் தானே எய்துகொள்ளும் இரண்டாவது அம்புதான் அவருக்கு இல்லை. நுகர்விலிருந்து, அதாவது இன்ப துன்ப உணர்விலிருந்து, வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கும் வரிசையைப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் விளக்குகிறது. நுகர்வையே இல்லாமல் செய்யும்படி அங்கே எவரும் கேட்கவில்லை. அது வேட்கையாக மாறும் இடத்தில் விழித்திருக்கவே கேட்கிறார்கள்.

நாகை ஆசிரியர்:
அம்மா, நீங்கள் காட்டிய சுத்தத்தில் முதல் அம்பு என்பது உடல் வலி. தோப்பு போன துயரம் மனத்தின் வலியாதலால் அது இரண்டாவது அம்பின் கணக்கில்தான் சேரும். அப்படியானால் உங்கள் மேற்கோள் அந்தப் பெரியவரின் அழுகையையே குறையாக்குகிறது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பற்றின்மையைப் போதித்த எங்கள் ஊர்ச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் நிலக்கொடையாக, அளித்தான். அவ்வூரிலிருந்து விகாரத்துக்குச் சேர வேண்டியதாகச் செப்பேடு குறிப்பது அக்கால முகத்தலளவையில் 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். உழுதவன் விளைச்சலைப் பற்றிக்கொண்டு வெயிலில் நின்றதால்தான் துறவிக்கு உள்ளமைதி வாய்த்தது.

பூம்புகார் வாசகி:
சுத்தத்தைப் பற்றிய உங்கள் திருத்தம் சரியானது. அதனால் என் வழக்கு விழுந்துவிடாது. தன்னை விரும்பிய சோழ இளவரசன் உதயகுமாரன்பால் தன் நெஞ்சம் சென்றதைக் காப்பியத் தலைவி மணிமேகலை தோழி சுதமதியிடம் மறைக்கவில்லை. அவன் வெட்டுண்டு கிடந்தபோது அரற்றி அழுகிறாள். பௌத்தக் காப்பியம் ஒன்று தன் தலைவியின் கண்ணீரைக் குறையாகக் கருதியிருந்தால் அதை இவ்வளவு விரிவாகப் பாடியிருக்காது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்திப் புகாரில் பசித்தவர்க்குச் சோறிட்டதும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்ததும் முன்னே நிகழ்கின்றன. பவத்திறம் அறுக, அதாவது பிறவித் தொடர் அறுக, என்று அவள் நோற்பது கடைசிக் காதையில், காஞ்சியில். விளைச்சலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் இதுவே என் விடை: பௌத்தத்தில் பற்றறுத்தல் கருணையை விட்டுத் தனியே நிற்பதில்லை. இறந்த குழந்தையைச் சுமந்து வந்த கிசா கோதமியிடம்கூடப் புத்தர் எடுத்த எடுப்பில் அறிவுரை கூறவில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரும்படி அனுப்பினார். நிலையாமையை அவளே கண்டுகொண்டாள்.

தலைஞாயிறு விவசாயி:
கோதமியின் கதையை நான் முழுமையாக ஏற்கிறேன், அம்மா. அவள் வாசல்தோறும் ஏறி இறங்கினாள், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இழப்பை அவளிடம் சொன்னார்கள். அவளைத் தேற்றியது அந்தப் பேச்சு. என் தந்தையும் பின்னாளில் ஓரளவு தேறியது, நிவாரண மனுவோடு வரிசையில் நின்ற அண்டை ஊர்த் தோப்புக்காரர்களிடம் பேசிப் பேசித்தான். அந்த வகுப்பிலோ அவரைக் கண்ணை மூடி அமரச் சொன்னார்கள். எத்தனை மரம் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.