மரச்செதுக்கு அச்சுக்கு மவுண்ட் எத்தனை அங்குலம்? கண்ணாடியா, அக்ரிலிக்கா?

கேட்டவர்: வணக்கம். 9க்கு 11 அங்குலத் தாளில் 6க்கு 8 அங்குல அளவில் அச்சான மரச்செதுக்கு ஓவியம் ஒன்றைச் சென்ற ஆண்டு சட்டமிட்டேன். சட்டத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். ஓவியத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் அட்டைக் கரையான மவுண்ட்டும் அதே அகலம். ஓவியம் நெருக்கிப் பிடித்தாற்போல் இருக்கிறது. கீழே பென்சிலில் இட்ட கையெழுத்தில் பாதி மவுண்ட்டுக்குள் மறைந்துவிட்டது. ஈரக்காற்று மிகுந்த மாதங்களில் தாள் நெளிந்து, நடுவில் கண்ணாடியைத் தொடும் அளவுக்குப் புடைக்கிறது. எதிரே சன்னல் இருப்பதால் பகலில் ஓவியத்தைவிட என் முகமே தெளிவாகத் தெரிகிறது. மீண்டும் சட்டமிடுவதானால் மவுண்ட் அகலமும் கண்ணாடியும் எப்படி இருக்க வேண்டும்?

முதல் பதில்: சட்டமும் மவுண்ட்டும் ஒரே அகலத்தில் இருந்தால் அவை இரண்டு கரைகளைப் போலப் போட்டியிடும், கண் ஓவியத்துக்குள் நுழையாது. மவுண்ட் சட்டத்தைவிடத் தெளிவாக அகன்றிருக்கட்டும். உங்கள் அளவுக்கு நான் மூன்று பக்கமும் 3 அங்குலம், கீழே மட்டும் 3½ அங்குலம் வைப்பேன். நான்கும் சமமாக இருந்தால் ஓவியம் கீழே சரிந்தாற்போல் தோன்றும். ஓவியம் தெரிய மவுண்ட்டின் நடுவில் வெட்டும் திறப்பை அச்சின் விளிம்பிலிருந்து மேலும் பக்கங்களிலும் அரை அங்குலமும் கீழே முக்கால் அங்குலமும் தள்ளி வெட்டினால் கையெழுத்து முழுதாக வெளிவரும். அப்போது மவுண்ட்டின் வெளி அளவு 13க்கு 15¾ அங்குலம். ஆயத்தச் சட்டம் பொருந்தாது, அளவு கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அட்டையை வெட்டும் முன் வெள்ளைத் தாளில் இரண்டு ‘ட’ வடிவத் துண்டுகளை வெட்டி ஓவியத்தைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள்.

இரண்டாம் பதில்: சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தை இரு பரப்புகளிலுமாகத் திருப்பி அனுப்புகிறது, எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடியில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய மங்கல் கண்ணாடியை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓவியத்திலிருந்து விலக விலக மரச்செதுக்கின் கூர்மையான கோடுகளை மழுப்பிவிடும். அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் தகடு, கண்ணாடியின் பாதி எடைதான், உடைந்து சிதறாது. ஆனால் எளிதில் கீறல் விழும், அம்மோனியா கலந்த துடைப்பான் அதற்கு ஆகாது. இந்தச் சிறிய அளவுக்கு எடை ஒரு பொருட்டல்ல என்பதால் பூச்சுள்ள கண்ணாடியே என் தேர்வு. புறஊதாத் தடுப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளிறச் செய்யும்; முதலில் சன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுப் பக்கச்சுவருக்கு மாற்றுங்கள், அதற்குச் செலவே இல்லை.

நெளிவுக்குக் கண்ணாடி காரணமல்ல. பின்புறத்தைத் திறந்து, தாள் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்: திறந்தேன். நான்கு பக்கமும் பழுப்பு நாடா. மவுண்ட்டின் சாய்வெட்டும், அதாவது திறப்பின் சாய்வாக வெட்டிய உள்விளிம்பும், மஞ்சளாகிவிட்டது.

இரண்டாம் பதில்: ஈரத்தில் விரியும் தாளுக்கு இடமின்றி நான்கு பக்கமும் கட்டிப்போட்டதால்தான் புடைத்தது. சாய்வெட்டு மஞ்சளானால் அட்டை அமிலமுள்ளது. புதிதாக அமிலமற்ற பருத்தி அட்டை வாங்கி, மேல்விளிம்பில் மட்டும் ஓவியத்தை அட்டையோடு இணைக்கும் சிறு ஜப்பானியத் தாள் துண்டுகளான கீல் இரண்டை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். பழைய நாடாவை இழுக்காதீர்கள். அட்டையிலிருந்து மட்டும் அறுத்துப் பிரித்துவிட்டு, தாளோடு ஒட்டியிருப்பதைத் தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.