புத்தகம் மாதிரி இருக்கும் டேப்லெட் கவர்: அப்பாவுக்கு எது சரிப்படும்?

வடகரையான்:

அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொடி எழுத்து இப்போது படிக்க முடிவதில்லை, பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று சாம்சங் டேப் எஸ்6 லைட் வாங்கிக் கொடுத்தோம் (10.4 அங்குலம், பேனாவோடு வருவது). முதலில் தொடவே மாட்டேன் என்றார். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் பழைய பதிப்புகள் அப்படியே ஸ்கேன் செய்து கிடக்கின்றன என்று காட்டியதும் விடமாட்டேன் என்கிறார். மதுரைத் திட்டத்தில் (தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் முயற்சி) இருக்கும் நூல்களையும் இறக்கித் தந்திருக்கிறேன்.

இப்போது பிரச்சினை கவர். கூட வாங்கிய மூன்று மடிப்புக் கவர் அவருக்குப் பிடிக்கவில்லை, "சிலேட்டைப் பிடித்த மாதிரி இருக்கிறது" என்கிறார். பைண்டு செய்த புத்தகம் போல முதுகு, கெட்டி அட்டை எல்லாம் இருக்கிற கவர் வருகிறதாமே, அது வேண்டுமாம். வாசகசாலைக்குத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போவார், பஸ்ஸில். கீழே போடாமல் இருப்பார் என்று சொல்ல முடியாது. இரவில் படுத்துக்கொண்டும் படிப்பார், அப்படியே தூங்கியும் போவார்.

இணையத்தில் தேடினால் நூறு ரகம் வருகிறது, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது. யாராவது பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது.

திருகாணி:

வெளியே புத்தகம் மாதிரி இருக்கிறதா, பூனை மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் படத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள். டேப்லெட்டைக் காப்பாற்றுவது உள்ளே அதைப் பிடித்திருக்கும் தட்டுதான், மேல் அட்டை இல்லை. கீழே விழும்போது டேப்லெட் தட்டையாக விழுவது அபூர்வம், மூலைதான் முதலில் இடிக்கும், அங்கிருந்துதான் கண்ணாடி விரிசல் ஓடும். ஆகவே நான்கு மூலையும் மூடியிருக்கிறதா, திரையைவிட விளிம்பு கொஞ்சமாவது மேலே தூக்கி நிற்கிறதா, இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகான புத்தகமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

உள்தட்டு இரண்டு விதமாக வரும். பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக், இதைக் கழற்றி மாட்டும்போது மூலையில் படக்கென்று உடையும், ஒரு மூலை உடைந்தால் கதை முடிந்தது. இன்னொன்று டிபியு, ரப்பர் போல வளையும், இடியை வாங்கிக்கொள்ளும். அப்பாவுக்கு டிபியு தான். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

"ராணுவத் தரம், எம்ஐஎல்-எஸ்டிடி-810" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. அதில் விழும் சோதனை என்பது 122 செ.மீ. உயரத்திலிருந்து ஒவ்வொரு முகம், விளிம்பு, மூலை என்று மொத்தம் 26 முறை போடுவது, அதுவும் கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பலகை விரித்து. நம் வீட்டு மொசைக் தரையில் பலகை யார் விரித்து வைத்திருக்கிறார்கள்? 26 முறையையும் ஒரே கவர் தாங்க வேண்டும் என்றும் இல்லை, ஐந்து மாதிரிகள் வரை மாற்றிக்கொள்ளலாம். முக்கியமாக, கவருக்கு முத்திரை குத்திக் கொடுக்கும் ராணுவ அலுவலகம் எதுவும் கிடையாது, தயாரிப்பவரே சோதித்து அவரே அச்சடித்துக்கொள்வதுதான்.

இன்னொன்று, எஸ்6 லைட் 2020, 2022, 2024 என்று மூன்று முறை வந்திருக்கிறது, அளவு ஒன்றுதான், எனவே இதில் குழப்பம் இல்லை. ஆனால் கடைக்காரர் "எஸ்6 தானே" என்று வெறும் எஸ்6 கவரை எடுத்து நீட்டுவார், அது வேறு டேப்லெட், பொருந்தாது. அமைப்புகளில் போய் மாடல் எண்ணைப் பாருங்கள், எஸ்எம்-பி (SM-P) என்று தொடங்கினால் லைட், எஸ்எம்-டி (SM-T) என்றால் மற்றது.

மாடிப்படி_மாலா:

தோல் போல இருக்கும் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த விலையில் வருவது தோல் இல்லை, துணி மேல் பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சை உள்ளிருந்து சிதைக்கும். பயன்படுத்தாமல் பீரோவில் வைத்தாலும் அது பாட்டுக்குச் சிதையும், அதுதான் கொடுமை. என்னுடையது முதலில் முதுகு மடிகிற இடத்தில் வெடித்தது, பிறகு செதில் செதிலாக உதிர்ந்து கை, புடவை, மேசை எல்லாம் கருப்புத் துணுக்கு. வாங்கும்போது பழைய இங்கிலீஷ் புத்தகம் மாதிரி தங்க எழுத்தெல்லாம் போட்டு ஜம்மென்று இருந்தது.

நிஜத் தோல் வேண்டுமென்றால் இருக்கிறது. அமெரிக்காவில் ட்வெல்வ் சவுத் என்ற நிறுவனம் 2010 வாக்கில் மேக்புக்குக்கு "புக்புக்" என்று பழம்புத்தகத் தோற்றத்தில் தோல் உறை கொண்டுவந்தது, பிறகு ஐபேடுக்கும் வந்தது. இரண்டு பக்கமும் ஜிப், முதுகில் மேடு மேடாக வரி, நிஜமாகவே அலமாரியில் வைத்தால் தெரியாது. ஆனால் அது ஆப்பிள் சாமான்களுக்கு, விலையும் உங்கள் கணக்குக்கு வராது. தோலுக்கு ஐப்பசி கார்த்திகையில் பூசணம் பிடிக்கும் என்பது தனிக்கதை.

என் வாக்கு துணி மேலட்டைக்கு. கான்வாஸ், அல்லது பைண்டிங் துணி. அழுக்காகும்தான், ஆனால் உதிராது.

அப்புறம், புத்தகம் மாதிரி இருப்பதால் வரும் தொல்லையும் உண்டு. எங்கள் வீட்டில் அதன் மேல் சூடான டம்ளர் வைத்தார்கள், அதற்கு மேல் இரண்டு அகராதியை அடுக்கினார்கள், ஒரு முறை பழைய பேப்பர்க் கட்டோடு சேர்ந்து தராசு வரை போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

காலிகோ:

வடகரையான், உங்கள் ஊரில் பைண்டிங் கடை இருக்கிறதா? கோர்ட், கல்லூரிப் பக்கம் கட்டாயம் ஒன்று இருக்கும். அப்பாவுக்கு வேண்டியது புத்தகம் மாதிரி இருக்கும் கவர் இல்லை என்று எனக்குப் படுகிறது, புத்தக அட்டையேதான் வேண்டும். அதைப் புத்தகம் கட்டுகிறவரிடமே செய்யலாம். சான் பிரான்சிஸ்கோவில் டோடோகேஸ் என்று ஒரு நிறுவனம் 2010-ல் முதல் ஐபேட் வந்தபோது தொடங்கியதே இப்படித்தான். பழைய பைண்டிங் முறையில் அட்டை, துணி, உள்ளே மூங்கில் சட்டம்.

நான் என் மாமாவுக்குச் செய்து கொடுத்த விதம் சொல்கிறேன். கெட்டி அட்டை இரண்டு, 2 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் கனம். முதுகுக்கு ஒரு பட்டை. அதன் அகலம்தான் முக்கியம்: டேப்லெட் 7 மி.மீ., அதன் மேல் டிபியு உறை, அட்டையின் கனம், எல்லாம் கூட்டி 12, 13 மி.மீ. வரும். இதைக் குறைத்து வெட்டிவிட்டால் மூடும்போது மேலட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அட்டைக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே ஒரு கோடு இடைவெளி விட்டு, மொத்தத்தையும் காலிகோ என்ற பைண்டிங் துணியில் இழுத்து ஒட்டி, எலும்புக் கத்தியால் (பைண்டர்கள் மடிப்பை அழுத்தும் மழுங்கல் கத்தி) அந்தக் கோட்டை அழுத்திவிட வேண்டும், அங்கேதான் மடியும். பைண்டருக்கு இதெல்லாம் நீங்கள் சொல்லவே வேண்டாம், சொன்னால் கோபப்படுவார்.

அவருக்குத் தெரியாதது டேப்லெட்டை எப்படிப் பிடிப்பது என்பதுதான். டிபியு உறையை அட்டையில் ஒட்டலாம் என்பார், மைதா பசையும் ஒட்டாது, ஃபெவிகாலும் ஒட்டாது, உரிந்து வந்துவிடும். சாதாரண டிபியு உறை ஒன்றைத் தனியாக வாங்கி டேப்லெட்டில் மாட்டிவிடுங்கள், மூலைக்கு அது காவல். பின்னட்டையில் நான்கு மூலைக்கும் அகலமான எலாஸ்டிக் பட்டை, துணியை ஒட்டுவதற்கு முன்பே அட்டையில் வெட்டுப் போட்டுப் பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டும். உறையோடு டேப்லெட்டை அதில் சொருகிக்கொள்ளலாம். பின் கேமராவுக்கு ஓட்டை மறக்காதீர்கள்.

பசையில் மயில்துத்தம் போடச் சொல்லுங்கள், நல்ல பைண்டர் சொல்லாமலே போடுவார். இல்லாவிட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அட்டையை ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பிக்கும்.

திருகாணி:

காலிகோ சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, மூடி திறக்காமல் இருக்க எலாஸ்டிக் வார் வையுங்கள், காந்தம் வைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் குட்டி நியோடிமியம் காந்தங்களை அட்டைக்குள் புதைத்தால் கண்ட இடத்தில் திரை அணைந்து அணைந்து எரியும், ஏனென்றால் கவர் மூடியதை டேப்லெட் தெரிந்துகொள்வதே காந்தத்தை உணரும் சென்சார் வைத்துத்தான். இந்தப் பேனா மின்காந்த அலையில் வேலை செய்வது, மேலட்டையைப் பின்னால் மடித்தால் காந்தம் இருக்கும் இடத்துக்கு நேராகத் திரையில் கோடு கோணலாக விழும், சில இடத்தில் எழுதவே எழுதாது. காந்தம் இல்லாவிட்டால் மூடினதும் தானாக அணையாது, அவ்வளவுதான். அரை நிமிடத்தில் திரை அணைகிற மாதிரி வைத்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டு, பேனா. டேப்லெட்டின் பக்கவாட்டில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், துணிப்பைக்குள் போனால் முதல் நாளே கழன்று விழும். முதுகின் உள்பக்கம் பேனாவுக்கு ஒரு வளையம் தைக்கச் சொல்லுங்கள். இந்தப் பேனாவுக்கு சார்ஜ் தேவையில்லை, எங்கே இருந்தாலும் கவலை இல்லை.

இரவுப்பணி:

எல்லாரும் அட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். வடகரையான், அப்பாவின் வயது என்ன? பேஸ்மேக்கர், ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) என்று ஏதாவது வைத்திருக்கிறாரா? படுத்துப் படித்து அப்படியே தூங்கிவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். நான் இதயநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள்.

வடகரையான்:

எழுபத்து நான்கு. ஆமாம், பேஸ்மேக்கர் இருக்கிறது, இடது பக்கம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. டேப்லெட்டை நெஞ்சின் மேல் நிறுத்திவைத்துத்தான் படிப்பார்.

இரவுப்பணி:

பயப்பட வேண்டாம், ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணர்கிற ஒரு அமைப்பு வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், நாங்கள் பரிசோதிக்கும்போது மேலே காந்தம் வைப்போம். வைத்தால் அது நோயாளியின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். எடுத்தால் பழையபடி ஆகிவிடும். ஐசிடி என்றால் இன்னும் மோசம், காந்தம் மேலே இருக்கும் வரை தேவைப்படும்போது அதிர்ச்சி கொடுக்காது.

டேப்லெட் கவரில் இது நடக்கும் என்பது புதிய செய்தி இல்லை. 2013-ல் அமெரிக்காவில் ஒரு பதினான்கு வயது மாணவி ஐபேட் 2 வைத்து இதே கேள்வியைச் சோதித்து இதயத்துடிப்பு மருத்துவர்கள் மாநாட்டில் வைத்தார். படுத்துப் படிக்கிறவர் அப்படியே தூங்கிப் போனால் ஐபேட் நெஞ்சில் கிடக்குமே, அந்த நிலையில் சிலருடைய கருவி காந்தத்துக்கு இணங்கிவிட்டது. கவரைப் பின்பக்கம் மடித்தால் அதன் காந்தம் நெஞ்சுக்கு நேராக வருகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-ல் செல்போன், கைக்கடிகாரம் போன்றவற்றைப் பொருத்திய கருவியிலிருந்து ஆறு அங்குலம், அதாவது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொன்னது.

ஆகவே காந்தம் உள்ள கவர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். மேலட்டைக்குள் நான்கைந்து காந்தம் ஒளிந்திருக்கும், விளம்பரத்தில் "தானாக உறங்கும், விழிக்கும்" என்று இருந்தால் காந்தம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கவரை மாற்றினால் மட்டும் போதாது, டேப்லெட்டிலேயே பேனா ஒட்டும் பக்கத்தில் காந்தம் உண்டு, ஸ்பீக்கரிலும் உண்டு. நெஞ்சின் மேல் வைக்கவே கூடாது. தொடையில் தலையணை போட்டு அதன் மேல் வைக்கலாம், கட்டிலோரம் பிடிக்கும் தாங்கி வாங்கலாம். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது கவரையும் டேப்லெட்டையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், கருவிக்குக் கருவி வித்தியாசம் இருக்கும்.

மாடிப்படி_மாலா:

இது எனக்கும் தெரியாது. என் மாமியாருக்கும் பேஸ்மேக்கர்தான், அவர் போனை ஜாக்கெட்டுக்குள் வைப்பார். இப்போதே போன் செய்யப் போகிறேன்.

காலிகோ:

அப்படியென்றால் பைண்டிங் கடைதான் வழி, எலாஸ்டிக் வார் போட்டு. கனத்துக்கும் கவலை வேண்டாம். டேப்லெட் 465 கிராம், இரண்டு அட்டையும் துணியும் சேர்ந்து நூறு, நூற்றைம்பது, டிபியு உறை இன்னொரு நூறு என்று வைத்தாலும் முக்கால் கிலோவுக்குள் அடங்கும். படுத்துக்கொண்டு கையில் தூக்கிப் பிடிக்க அதுவே பாரம்தான், அதனால் தாங்கியும் வாங்கிவிடுங்கள். சார்ஜர் குத்தும் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் எலாஸ்டிக் மறைக்காமல் இருக்கிறதா என்று பென்சிலில் குறித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

வடகரையான்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக இரவுப்பணிக்கு. பழைய கவரை எடுத்துப் பார்த்தேன், மேலட்டையில் ஊசியைக் கொண்டுபோனால் நான்கு இடத்தில் ஒட்டுகிறது. கழற்றி வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னதற்கு "அப்போது நெஞ்சில் வைத்துப் படிக்க நிஜப் புத்தகமே நல்லது" என்று ஒரே போடாகப் போட்டார். கட்டிலோரத் தாங்கி ஆர்டர் செய்தாயிற்று, மருத்துவரிடமும் பேச வேண்டும்.

பைண்டிங் கடையில் விசாரித்தேன், இருநூற்றைம்பது கேட்கிறார், எலாஸ்டிக் நாமே வாங்கித் தர வேண்டுமாம். காலிகோ பச்சையா, அரக்குச் சிவப்பா என்று கேட்டார். அப்பா அரக்குச் சிவப்பு என்கிறார், முதுகில் தங்க எழுத்தில் பெயர் போட வேண்டுமாம். எந்தப் புத்தகத்தின் பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை, இரண்டு நாளாக அதுதான் யோசனை.

திருகாணி:

எது வேண்டுமானாலும் போடட்டும், பழைய பேப்பர்க்காரருக்கு விலை போகிற பெயராக மட்டும் வேண்டாம்.