ஊடகம் படித்த நாட்களில் மறக்க முடியாத ஒரு சந்திப்பு – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கதம்பம்:

என் அண்ணன் மகள் இந்த வருடம் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் என்ற ஊடகப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். "அங்க என்னதான் அத்தை சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். பாடங்களை வரிசையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பூக்கார அம்மாவின் முகம்.

சென்னையில் இதழியல் முதுகலை படித்தேன். எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்.எம்.மைத் தொடங்கிய பிறகு, பல கல்லூரிகள் அந்த வழியில் போயின. 2006-இல் விதிகள் தளர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இந்த நிலையங்களுக்கு 100 வாட் அளவுக்கே சக்தி. கல்லூரியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. "அதனால சுத்தி இருக்கறவங்க குரல்தான் இதுல வரணும், உங்க குரல் இல்ல" என்று எங்கள் ஆசிரியை அடிக்கடி சொல்வார்.

பேருந்து நிறுத்தத்தில் பூ விற்ற அம்மாவிடம் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டே பேசினார். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எப்படி ஏறும், மொத்த மார்க்கெட்டுக்கு ராத்திரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், நார் அறுத்து விரல் எப்படிக் காய்க்கும் என்று நாற்பது நிமிடம். நிகழ்ச்சிக்கு மொத்தமே அரை மணி நேரம், அதில் ஐந்து பேர் பேச வேண்டும். எடிட் செய்யும்போது பஸ் ஹாரன் விழுந்த இடங்களையெல்லாம் வெட்டினேன். சுத்தமாகக் கேட்ட இருபது விநாடியை, விலை பற்றிச் சொன்னதை, வைத்துக்கொண்டேன்.

அவர் தன் பழைய ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறார். மறுநாள் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "என் குரல் வந்துச்சு பாப்பா. நான் சொன்னது வரல."

மூன்று மணிக்கு மார்க்கெட் போகிற பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை என்பதைத்தான் அவர் சொல்ல வந்திருந்தார். ஒரு முறை இல்லை, மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்றிலும் ஹாரன் இருந்தது. நான் வெட்டிவிட்டேன்.

அறைக்குப் போய் முழுப் பதிவையும் மறுபடி கேட்டேன். ஹாரனோடு சேர்த்து எட்டு நிமிட நிகழ்ச்சி ஒன்று செய்தேன். ஒலிபரப்புக்கு முன் அவரிடம் எடுத்துப்போய் ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ம், இது நான் பேசினது" என்றார். அன்று முதல் யாரைப் பதிவு செய்தாலும், முடிக்கும் முன் "நீங்க சொன்னதுல எது கண்டிப்பா வரணும்?" என்று கேட்காமல் எழுந்ததில்லை.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். எழுதுங்கள்.

தாமிரபரணிக்கரை:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடனே தோன்றியது எங்கள் ஆர்.டி.ஐ. பயிற்சி. இளங்கலை இரண்டாம் வருடத்தில் ஒவ்வொருவரும் தன் ஊர் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். நான் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறை பற்றிக் கேட்டேன். பராமரிப்புக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு செலவானது, யாருக்கு ஒப்பந்தம், அவ்வளவுதான் கேள்வி.

வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். நேரில் கொடுக்கப் போனபோது அங்கிருந்த எழுத்தர், "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? படிக்கிற பிள்ளைதான?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் முந்தின நாள்தான் வகுப்பில் படித்திருந்தோம்: 2005-ஆம் வருடச் சட்டத்தின் 6(2) பிரிவுப்படி, ஏன் கேட்கிறாய் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்ல சார்" என்றேன். குரல் கம்மித்தான் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.

முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. அதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பதில் கடிதத்தை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு கேள்விக்கு அரசு அலுவலகம் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை.

கரிசல்மண்:

நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். இறுதியாண்டில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை பற்றிய செய்தியை எழுதித் தரச் சொன்னார்கள். பெயரைப் போடக்கூடாது என்று தெரியும், போடவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்து மேசையில் வைத்தேன்.

மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் படித்தார். திட்டவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டார். ஊர்ப் பெயர், ஒரு வட்டம். ஏழாம் வகுப்பு, ஒரு வட்டம். அப்பாவின் தொழில், ஒரு வட்டம். கோவில் தெரு, ஒரு வட்டம். "தம்பி, பேரை மட்டும்தான் எடுத்திருக்க. நாளைக்குக் காலைல டீக்கடைல இதைப் படிக்கிறவன் அந்த வீட்டுக்கு நேரா நடந்து போயிடுவான்" என்றார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வரக்கூடாது. தேர்வில் இந்தப் பிரிவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவன் நான். அந்த நான்கு வட்டங்களைப் பார்த்தபோதுதான், அந்தப் பிரிவுக்குள் ஒரு குழந்தையும் ஒரு தெருவும் இருப்பது தெரிந்தது. செய்தியைத் திரும்ப எழுதினேன், ஆறு வரிதான் மிஞ்சியது. அதுவே போதும் என்றார்.

தறிவீடு:

நானும் ஒன்று சொல்கிறேன், சின்னதுதான்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் ஒருவரைப் பற்றி மாணவர் ஆவணப்படம் எடுத்தோம். பேட்டி எடுத்து முடித்ததும், யாரும் பேசாத அந்த அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது வழக்கம். எடிட்டில் வெட்டு விழுந்த இடம் தெரியாமல் இருக்க அதைக் கீழே ஓடவிடுவோம். "ஐயா, ஒரு நிமிஷம் தறியை நிறுத்திட்டு அமைதியா இருங்க" என்றோம்.

நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் மனைவி பதறி ஓடி வந்தார், "ஏங்க, என்னாச்சு?" என்று. அவர் எங்களிடம் சொன்னார்: "தறி நின்னா இந்த வீட்ல ஏதோ சரியில்லன்னு அர்த்தம் தம்பி. இந்தச் சத்தமில்லாததை எதுக்குப் பிடிக்கிறீங்க?"

அப்புறம் படம் முழுக்கப் பேச்சுக்கு அடியில் தறிச் சத்தத்தையே ஓடவிட்டோம். ஒலிப் பிரிவில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. எங்கள் குழுவில் யாரும் அதை மாற்றச் சம்மதிக்கவில்லை.

கதம்பம்:

எல்லோருக்கும் நன்றி. கரிசல்மண், அந்த நான்கு வட்டங்களை என் அண்ணன் மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

தாமிரபரணிக்கரை, உங்கள் மனுவின் நகல் இருந்தால் உங்கள் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு இங்கே போட முடியுமா? அவள் போகிற பேருந்து நிறுத்தத்திலும் கழிப்பறை பூட்டியேதான் கிடக்கிறதாம். எழுதிப் பார்க்கிறேன் என்கிறாள். ஸ்டாம்ப் நான் வாங்கித் தருகிறேன்.