83ஆம் படைப்பிரிவின் ஐரிஷ் சார்ஜன்ட் ஒருவரின் குடும்பத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி (முள்ளியவளையிலிருந்து)

எங்கள் அப்பம்மாவின் வழியில் ஐரிஷ் சிப்பாய் ஒருவர் இருந்தார் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய பேத்தியை மணந்தவர் குளத்து வேலைக்கு ஓவசியராக முல்லைத்தீவுப் பக்கம் வந்ததால் அந்தக் குடும்பம் வன்னியில் தங்கி, இரண்டு தலைமுறைக்குள் முழுத் தமிழ்க் குடும்பமாகிவிட்டது. அவர்கள் வைத்திருந்த பழைய வேதாகமம் 2009 இடப்பெயர்வில் தொலைந்து போனது. அதன் முதற் பக்கத்தின் போட்டோப் பிரதி ஒன்று மட்டும் முன்னரே கனடாவிலுள்ள சித்தப்பாவிடம் போயிருந்ததால் தப்பியது.

பக்கத்தின் மேலே அவருடைய பெயரும் ‘சார்ஜன்ட்’ என்ற சொல்லும் உள்ளன. அதற்கு அருகில் ‘83’ என்ற எண்ணும், பின்னர் வாசிக்க முடியாத கறையும் இருக்கின்றன. கீழே மூன்று பிள்ளைகள்: பேட்ரிக், 1824, திருகோணமலை, பிரிஜெட், 1826, கண்டி, ஜோன், 1827, கொழும்பு. தாயின் பெயர் வெறும் ‘மேரி’, அதன் பின்னாலும் ஒரு கறை. அவர் இந்த நாட்டுப் பெண் என்றுதான் எங்கள் வீட்டில் நம்புகிறார்கள்.

சார்ஜன்ட் அயர்லாந்தில் எந்த ஊரவர் என்று அறிய விரும்புகிறேன். 1922இல் டப்ளினில் எல்லாம் எரிந்துவிட்டன, தேடுவது வீண் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

மறுமொழி 1 (வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பிள்ளை, அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீடுகளில் பெரும்பகுதியும், அயர்லாந்துத் திருச்சபையின் (அங்கிலிக்கன் சபை) பங்குப் பதிவேடுகளில், அதாவது கோயில் வட்டார ஏடுகளில், பாதிக்கு மேலும் அதில் போயின. ஆனால் 1881, 1891 மதிப்பீடுகளை முதலாம் உலகப் போர்க் காலத்தில் அரசே கூழாக்கிவிட்டது. அந்தப் பழியையும் தீயின் மேல் போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

உங்கள் சார்ஜன்ட் பிரித்தானியப் படையில் இருந்தவர் என்பதால் அவருடைய ஏடுகள் டப்ளினில் அல்ல, இலண்டனில் இருந்தன. 1830இல் அப்படையின் சாதாரணச் சிப்பாய்களில் பத்துக்கு நால்வர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். சொந்த ஊரில் கூலியாளாகவே இருந்து இறந்தவனைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். படையில் சேர்ந்தவனுக்கு உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், செய்த தொழில் எல்லாம் எழுதப்பட்டுள்ளன.

‘83’ என்பது அநேகமாக 83ஆம் காலாட்படைப் பிரிவாகும். அது ஊவாக் கிளர்ச்சிக் காலத்தில் (1817-18) இலங்கைக்கு வந்து, 1820களின் இறுதிவரை இங்கே இருந்தது. உங்கள் ஆண்டுகளுடன் அது பொருந்துகிறது. அதன் பட்டப்பெயர் ‘டப்ளின் மாவட்டம்’ என்பதைப் பார்த்து அவரை டப்ளின்காரராக்கிவிட வேண்டாம். பட்டப்பெயர் படைக்குரியது, ஆட்களோ எங்கெங்கும் சேர்க்கப்பட்டவர்கள்.

முதலில் அறிய வேண்டியது, அவர் ஓய்வூதியத்துடன் விலகினாரா அல்லது சேவையில் இறந்தாரா என்பதே. விலகியிருந்தால் விடுவிப்புப் பத்திரம் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ ஓ 97’ (‘டபிள்யூ ஓ’ என்றால் போர் அலுவலகம்) என்ற தொகுதியில் இருக்க வாய்ப்புண்டு. அதைக் கட்டணம் செலுத்தி ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளி இணையதளத்திலும் பார்க்கலாம். அதில் பிறந்த பங்கு, அருகிலுள்ள பட்டினம், மாவட்டம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும். இறந்திருந்தால் அப்பத்திரமே கிடையாது. அப்போது ‘டபிள்யூ ஓ 25’இலுள்ள இறப்புப் பட்டியல்களைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் கிடைக்காவிட்டால் ‘டபிள்யூ ஓ 12’ இருக்கிறது. நம் பள்ளிக்கூட வரவு இடாப்பைப் போன்ற சம்பள இடாப்பு அது. காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதியிருப்பார்கள். படையை விட்டு நீங்கியவர்களின் பட்டியலில் பிறந்த இடமும் சேர்ந்த நாளும் வருவதுண்டு. கியூவில் வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கமெராவில் படம் எடுக்கவும் பணம் கேட்பதில்லை. இலண்டனில் உறவினர் யாரும் இல்லாத வன்னிக் குடும்பம் உண்டா? அவர்களில் ஒருவரை ஒரு நாள் அனுப்புங்கள்.

மறுமொழி 2 (மாங்குளத்திலிருந்து)

அக்கா, ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். பங்கின் பெயர் கிடைக்கும்வரை அயர்லாந்துப் பதிவுகளைத் திறப்பதில் பயனில்லை. ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. ஆனால் நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் 1820களுக்கு முன் ஏடே இல்லை. உங்களவர் 1790களில் பிறந்திருந்தால், அவருடைய ஊரைச் சொல்லும் ஒரே தாள் படையின் தாளாகவே இருக்கலாம். அரச பிறப்புப் பதிவும் அங்கே 1864இல்தான் அனைவருக்குமாகத் தொடங்கியது.

குடும்பப் பெயரைத் தேடும்போது முன்னாலுள்ள ‘ஓ’வை விட்டும் சேர்த்தும் பாருங்கள். ‘ஓ’ என்றால் பேரன், ‘மக்’ என்றால் மகன். எழுதுவினைஞர்கள் அவற்றை விருப்பம்போல் வெட்டினார்கள், நம் தகப்பன் பெயரின் முதலெழுத்து விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் மாறுவதைப் போல.

என்னைக் கவர்ந்தது பிள்ளைகளின் பெயர்கள்தான். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன். ஐரிஷ்காரரிடமும் அதே வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். அப்படியானால் சார்ஜன்டின் தகப்பன் பேட்ரிக், மேரியின் தாய் பிரிஜெட். தாய்க்கு அப்படியொரு பெயர் இருந்த மேரி இந்த நாட்டுப் பெண்ணாக இருந்திருப்பாரா? படையுடன் வெளிநாடு செல்ல நூறு பேருக்கு இத்தனை மனைவியர் என்று கணக்கு இருந்தது. அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். மேரி அப்படி வந்தவராக இருக்கலாம்.

மறுமொழி 3 (வவுனியாவிலிருந்து, மீண்டும்)

தம்பி சொன்னது நல்ல ஊகம், ஆனால் அது வழக்கமே தவிரச் சட்டமல்ல. நம்மிலும் எத்தனை பேர் பாட்டன் பெயரை விட்டுச் சினிமாப் பெயரை வைத்தோம்! திருகோணமலை, கண்டி, கொழும்பு ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் இங்குள்ள கத்தோலிக்கக் குருமார் கோவாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் பிரிஜெட் ‘பிரிஜிடா’வாக எழுதப்பட்டிருக்கலாம், இலத்தீன் வடிவத்திலும் தேடுங்கள். தாயின் கன்னிப் பெயர் கிடைத்தால் ஊகம் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. இலண்டனிலுள்ள மச்சானிடம் பேசினேன். 83ஆம் பிரிவின் 1824ஆம் ஆண்டு இடாப்பை முதலில் பார்ப்பதாகச் சொன்னார். திருகோணமலைப் பங்குக்கும் கடிதம் எழுதுகிறேன். நேற்றிரவு சித்தப்பாவைக் கொண்டு அந்தப் பக்கத்தை மீண்டும் பெரிதாக்கிப் படமெடுத்து அனுப்பச் செய்தேன். கறை என்று நினைத்தது முழுக்கக் கறையல்ல. ‘மேரி’ என்ற பெயரின் பின்னால், வேறு மையில், அடித்துவிடப்பட்ட ஒரு சொல் இருக்கிறது. அதன் முதலெழுத்து ‘ஓ’ போலத் தெரிகிறது.