ரூர்க்கி ஐஐடியில் மகள், நாங்கள் நெல்லையில்: பணம், ரயில், பொடி எல்லாம் எப்படி ஏற்பாடு செய்வது?

கேள்வி: நெல்லைத்தகப்பன்

மகளுக்கு ரூர்க்கி ஐஐடியில் பி.டெக் இடம் கிடைத்திருக்கிறது. 18 வயது நவம்பரில்தான் முடிகிறது. வீட்டில் யாருக்கும் இந்தி வராது. மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பணத்தை எந்த வழியில் கொடுப்பது? டிசம்பர் விடுமுறைக்கு வர டிக்கெட் எப்படிப் போடுவது? இங்கிருந்து எதைச் செய்து அனுப்பலாம், எது கெட்டுப்போகும்?

பதில் 1: பற்றுவரவு

சார், முதல்ல அந்த 18 வயசைக் கவனிங்க. இப்ப அவங்க பேர்ல இருக்கிறது மைனர் கணக்கு. 18 முடிஞ்சதும் புது கேஒய்சியும் (அடையாள, முகவரிச் சான்று) மாதிரிக் கையெழுத்தும் கொடுக்கணும். கொடுக்கலேன்னா வங்கி பணம் எடுக்கிறதை நிறுத்தி வைக்கலாம். செமஸ்டர் தேர்வு நேரத்துல, டீக்கடையில யூபிஐ போகாம நிக்கும்போதுதான் பல பேருக்கு இது தெரியவரும். நெல்லைக் கிளைக்கே வாங்கன்னு சொல்லிட்டா இன்னும் சிக்கல். அதனால சேர்க்கை அன்னைக்கே வளாகத்துக்குள்ள இருக்கிற ஸ்டேட் வங்கிக் கிளையில ஒரு கணக்கு தொடங்கிடுங்க. பிறந்தநாள் முடிஞ்ச வாரமே ஆதாரோட அங்க நடந்து போய் முடிச்சுடலாம்.

சிம்முக்கும் இதே கதைதான். 18 ஆகாதவங்க பேர்ல சிம் தரமாட்டாங்க, அதனால உங்க பேர்லதான் இருக்கும். போன் தொலைஞ்சா மாற்று சிம் வாங்க நீங்கதான் போகணும், அவங்க போக முடியாது. வயசு ஆனதும் அவங்க பேருக்கு மாத்திடுங்க. புது போன்ல யூபிஐ போட்டா முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. பெட்டியில 2,000 ரூபாய் ரொக்கம் எப்பவும் கிடக்கட்டும்.

இரண்டாவது வழி யூபிஐ சர்க்கிள். முழு அனுமதி கொடுத்தா உங்க கணக்கிலிருந்தே அவங்க மாசம் 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை செலுத்தலாம். ஒவ்வொரு செலவும் உங்க போன்ல தெரியும். தெரியுதேன்னு ஒவ்வொரு பானிபூரிக்கும் கணக்கு கேட்டீங்கன்னா பிள்ளை ரொக்கத்துக்கு மாறிடும், அப்புறம் ஒண்ணுமே தெரியாது.

கட்டணம்: ஐஐடியில கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள்ள இருந்தா முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரைன்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுசும் தள்ளுபடி. இது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், மெஸ் தனி. தாசில்தார் வருமானச் சான்றிதழை இ-சேவையில இப்பவே போட்டு வைங்க. கல்விக் கடன்னா வங்கி ஒவ்வொரு செமஸ்டருக்கும் பணத்தை நேரா கல்லூரிக்கே அனுப்பும். அதுக்குக் கட்டணக் கடிதம் கேக்கும், கடைசி வாரத்துல கொடுத்தா அபராதம் உங்க தலையில.

பதில் 2: தண்டவாளம்

ரூர்க்கியிலிருந்து வர தில்லியில் வண்டி மாற வேண்டும். நெல்லை வழியாகத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரு முறை தில்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குப் போகிறது. மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியும் வாரம் இரு முறை. இரண்டும் நிற்பது நிஜாமுதீனில். ஆனால் ரூர்க்கியிலிருந்து சதாப்தியில் வந்தால் இறங்குவது புது தில்லி நிலையம். இரண்டையும் ஒரே நிலையம் என்று நினைத்து வண்டியை விடுகிறவர்கள் உண்டு. பேருந்தில் வந்து ஆனந்த் விஹாரில் இறங்கினால் மெட்ரோ பிங்க் லைனில் மாறாமல் சராய் காலே கான் வரலாம், நிஜாமுதீன் நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் (நவம்பர் 2024க்கு முன் 120). டிசம்பர் 1 பயணத்துக்கு அக்டோபர் 2 காலை 8 மணிக்குத் திறக்கும். தேர்வு அட்டவணை அதற்குள் உறுதியாகவில்லை என்றால், அடுத்தடுத்த இரண்டு வண்டிகளில் போட்டுவிட்டு ஒன்றை ரத்து செய்யுங்கள். ரத்துக் கட்டணம் போனாலும் தத்காலை நம்புவதைவிட அது மேல். ஸ்லீப்பரில் மாணவர் சலுகை உண்டு. கல்லூரி தரும் படிவத்தோடு கவுன்டரில்தான் வாங்க வேண்டும்.

டிசம்பர் கடைசியில் மூடுபனி. தெற்கேயிருந்து போன வண்டி தாமதமாகச் சேர்ந்தால் அதே பெட்டிகள் திரும்புவதும் தாமதம்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் வண்டி புறப்படும் முன் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும். ரூர்க்கியிலிருந்து தில்லி சேர்வதற்கும் நெல்லை வண்டி புறப்படுவதற்கும் நடுவே குறைந்தது 8 மணி நேரம் விடுங்கள்.

பதில் 3: அஞ்சறைப்பெட்டி

அண்ணே, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி இது மூணும் போதும். தேங்காய் சேர்ந்த பொடி வேண்டாம், ரெண்டு வாரத்துல சிக்கு வாடை வந்துடும். வறுத்ததை நல்லா ஆறவிட்டு அரைங்க. அரைச்சதும் சூடா இருக்கும், தட்டுல பரப்பி அதையும் ஆறவிட்டுத்தான் பாக்கெட். சூட்டோட அடைச்சா உள்ள வேர்த்துக் கட்டியாகி, பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோவா கட்டாம 200 கிராம் பாக்கெட்டா கட்டுங்க, ஒண்ணைப் பிரிச்சா மத்தது கெடாது.

புளிக்காய்ச்சலுக்கு நல்லெண்ணெய் மேல மிதக்கணும். தண்ணி சுண்டாம இறக்கினா எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் நிக்காது. ஈரக் கரண்டி போடக்கூடாதுன்னு பாட்டில் மேலயே எழுதி ஒட்டுங்க.

ஸ்வெட்டரை நெல்லையில வாங்காதீங்க. இங்க கிடைக்கிறது அந்தக் குளிருக்குக் காணாது. உள்ள போடுற தெர்மல் ரெண்டு செட்டும் ரஜாயும் (பஞ்சு வச்ச கனமான போர்வை) அங்கேயே நவம்பர்ல வாங்கிக்கட்டும். தேங்காயெண்ணெய் குளிர்ல உறைஞ்சு கல்லாயிடும், வாய் குறுகின பாட்டில்ல கொடுத்தா எடுக்கவே முடியாது. அகல வாய் டப்பாவுல கொடுங்க.

பதில் 4: தூரத்துப்பச்சை

"உங்க பொண்ணு போதைப்பொருள் வழக்குல மாட்டியிருக்கு, பணம் அனுப்புங்க" என்று போலீஸ் சீருடைப் படம் வைத்த எண்ணிலிருந்து அழைப்பு வரும். பின்னால் அழுகைச் சத்தமும் கேட்கும். வெட்டிவிட்டு மகளைக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, அறைத்தோழி, அடுத்து விடுதி அலுவலகம். இந்த எண்களை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியும் வைத்திருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

மாத்திரைச் சீட்டில் பிராண்டுப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதுங்கள், அங்கே வேறு பிராண்டுதான் இருக்கும். மனம் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

நெல்லைத்தகப்பன்

எல்லாருக்கும் நன்றி. புளிக்காய்ச்சலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாமா?

அஞ்சறைப்பெட்டி

வேண்டாம்ணே, எண்ணெய் கசிஞ்சா மத்தவங்க பார்சலும் பாழ். பொடியை மட்டும் தபால்ல அனுப்புங்க. புளிக்காய்ச்சல் ரயில்ல கையோட போகட்டும். விமானம்னா செக்-இன் பையில மட்டும் வைங்க, கைப்பையில வச்சா சோதனையில எடுத்துட வாய்ப்பிருக்கு.