க்ளோண்டைக் தங்கம்: தோண்டுனது டாசன்ல, வளர்ந்தது சியாட்டிலா?

வடக்குவாசி:
சியாட்டில்ல பயனியர் ஸ்கொயர் பக்கம் க்ளோண்டைக் தங்க வேட்டைக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, போன வாரம் பசங்கள கூட்டிட்டு போயிருந்தேன். தங்கம் கிடைச்சது கனடாவுல யூக்கான் பக்கம், இங்கேருந்து ஆயிரம் மைலுக்கு மேல, ஆனா 1890ல 43 ஆயிரம் பேர் இருந்த சியாட்டில் 1910ல 2 லட்சத்து 37 ஆயிரம் ஆயிருக்கு, தங்கம் கிடைச்ச எடத்துக்கு பக்கத்துல இருக்கற டாசன் டவுன்ல இன்னைக்கு ரெண்டாயிரம் பேர் கூட இல்ல. எப்படிங்க இது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையநாணயம்:
தேதிய வரிசையா பாத்தா புரியும் சார். 1896 ஆகஸ்ட்ல ராபிட் க்ரீக்ங்கற ஓடையில தங்கம் தெரிஞ்சுது (அப்புறம் அதுக்கு பொனான்சா க்ரீக்னு பேர் மாத்துனாங்க), அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே நல்ல இடத்த எல்லாம் ஏற்கெனவே யூக்கான்ல இருந்தவங்க முளை அடிச்சு புடிச்சுட்டாங்க. வெளியில சேதி பரவுனது 1897 ஜூலையில, தங்கத்தோட கப்பல் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்தப்பதான். சுமார் 1 லட்சம் பேர் கிளம்புனாங்க, போய் சேந்தது 30-40 ஆயிரம், அதுலயும் நெறய பேருக்கு தோண்ட இடமே இல்ல. ஆனா கிளம்புன ஒவ்வொருத்தரும் மாவு, பன்றி இறைச்சி, கம்பளி, மண்வெட்டின்னு எங்கயாவது வாங்கித்தானே ஆகணும்? அத எங்க ஊர்லயே வாங்குங்கன்னு சியாட்டில் வணிகர் சங்கம் எராஸ்டஸ் ப்ரெய்னர்டுன்னு ஒரு பத்திரிகைக்காரர வெச்சு நாடு பூரா விளம்பரம் பண்ணுச்சு. ஊர் மேயர் டபிள்யூ.டி. வுட்டே பதவிய விட்டுட்டு வடக்க கிளம்பிட்டார்னா பாத்துக்கோங்க. சியாட்டில் வளந்ததுக்கு ரயிலும் மரமும் கூட காரணம், தங்கம் மட்டும்னு நான் சொல்லல.

மலைப்பாதை:
சாமான் ஏன் அவ்வளவுன்னா, கனடா போலீஸ் எல்லையில நின்னு ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாப்பாடு இருந்தாதான் உள்ளயே விட்டாங்க, கருவி எல்லாம் சேத்தா ஆளுக்கு கிட்டத்தட்ட ஒரு டன். பசியில யாரும் செத்துடக்கூடாதுன்னு போட்ட ரூல், நல்ல ரூல்தான். ஆனா அந்த ஒரு டன்ன வழியில இருக்கற சில்கூட்ங்கற மலைக்கணவாய்க்கு மேல முதுகுல ஏத்தணும், கூலி குடுக்க வழியில்லாதவன் பனியில வெட்டுன படியில முப்பது நாப்பது தடவ ஏறி எறங்கணும். 1898 ஏப்ரல் 3ல அந்த வழியில பனிச்சரிவு வந்து 60க்கு மேல செத்தாங்க. நான் அந்த 53 கிலோமீட்டர் பாதையில நடந்திருக்கேன், அவங்க போட்டுட்டு போன துருப்பிடிச்ச சாமான் இன்னும் வழியெல்லாம் கெடக்கு, பாத்தப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அங்க போய் சேந்தாலும் மண்ணு உறஞ்சு பாறை மாதிரி இருக்கும், குளிர் பூரா தீ மூட்டி இளக்கி இளக்கி தோண்டி வெளிய குவிச்சு வெச்சு, ஓடையில தண்ணி ஓட ஆரம்பிச்சப்புறம்தான் அலசி பாக்க முடியும்.

வடக்குவாசி:
நன்றிங்க. அப்ப டாசன் எப்ப காலியாச்சு?

பழையநாணயம்:
1899ல அலாஸ்காவுல நோம் கடற்கரையில தங்கம்னு கேள்விப்பட்டதும் ஆயிரக்கணக்குல படகு ஏறிட்டாங்க. அப்புறம் கம்பெனிங்க வந்து பெரிய பெரிய தூர்வாரும் மிஷின் போட்டு எடுத்தாங்க, அதுக்கு ஆள் கூட்டம் தேவைப்படல. ஆனா யூக்கான் தனி பிரதேசம் ஆனதே 1898ல இந்த கூட்டத்தாலதான்.

ஆத்தோரம்:
எல்லாரும் வந்தவங்க கதையவே பேசறோம், அங்கேயே இருந்த பழங்குடி ஜனங்க என்ன ஆனாங்கன்னும் பேசணும். க்ளோண்டைக்ங்கறதே ட்ரொண்டெக்னு அவங்க வெச்ச ஆத்து பேர்தான், சால்மன் மீன் புடிக்க ஆத்துல முளை அடிக்கற கல்லுலேருந்து வந்த பேர். அந்த ஆறு யூக்கான் ஆத்துல கலக்கற எடத்துலதான் அவங்க மீன்பிடி முகாம். கூட்டம் வந்து அங்க எறங்குனதும் அவங்க தலைவர் ஐசக் தன் ஜனங்கள கூட்டிட்டு ஆத்தோட போக்குல கொஞ்ச தூரம் கீழ இருந்த மூஸ்ஹைடுங்கற எடத்துக்கு போயிட்டார். வந்தவங்களால தங்களோட பாட்டும் ஆட்டமும் அழிஞ்சிடும்னு பயந்து, அத அலாஸ்காவுல இருந்த சொந்தக்காரங்ககிட்ட பத்திரமா வெச்சுக்க சொல்லி குடுத்தார். அவங்களும் விடாம காப்பாத்தி வெச்சிருந்தாங்க, 1990கள்ல பேரப்பிள்ளைங்க போய் கத்துக்கிட்டு வந்தாங்க, இப்ப மூஸ்ஹைடுல கூடும்போது அந்த பாட்டத்தான் பாடறாங்க.