நெஞ்சு சிடி படத்தில் நாய்ஸ் குறைத்தால் சின்ன நாட்யூலும் சேர்ந்து போகிறது, எந்த ஃபில்டர் போடலாம்?

அம்பைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். எம்.இ. கடைசி வருஷம். லோ டோஸ், அதாவது கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கும் சிடி படங்களில் நாய்ஸ் (மணல் தூவின மாதிரி வரும் புள்ளிகள்) குறைப்பதுதான் ப்ராஜெக்ட். அம்மாவுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். அம்மா சின்ன வயசிலிருந்தே பீடி சுற்றுகிறார். இருமல் விடாமல் இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் அடியில் 6 மி.மீ. நாட்யூல் (சின்ன முடிச்சு) என்று ரிப்போர்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து லோ டோஸில் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஸ்கேன் சென்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தையே ப்ரோகிராமில் போட்டேன். நானே நாய்ஸ் சேர்த்து, பிறகு மீடியன், பைலேட்டரல், நான்-லோக்கல் மீன்ஸ் என்ற மூன்று ஃபில்டர்களையும் ஓட்டினேன். மூன்றாவதற்குத்தான் பிஎஸ்என்ஆர் (மூலப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் மார்க்) கூட. படமும் பளிச்சென்று இருக்கிறது, கைடுக்கும் திருப்தி. ஆனால் நாட்யூலைக் காணோம். இடம் தெரிந்த என் கண்ணுக்கே அகப்படவில்லை. நல்ல மார்க் வாங்கிய ஃபில்டரே இப்படிச் செய்தால் வேறு எதைப் போடுவது? லோ டோஸில் எடுக்கும்போது அம்மாவின் படத்திலும் இதுதான் நடக்குமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை கோடர்

நான்-லோக்கல் மீன்ஸ் 2005இல் வந்தது. 2007இல் வந்த பிஎம்3டி ஃபில்டர் போட்டாலே இதைவிட நன்றாக வரும். ஜிபியு கிடைத்தால் டிஎன்சிஎன்என் மாதிரி ஒரு நியூரல் நெட்வொர்க்கை ட்ரெயின் பண்ணுங்கள். 2016இல் மேயோ கிளினிக் நடத்திய லோ டோஸ் சிடி போட்டியின் படங்கள் இருக்கின்றன. முழு டோஸும் கால் டோஸும் ஜோடியாகவே கிடைக்கும்.

பாளை ரேடியோகிராபர்

தங்கச்சி, நெட்வொர்க்குக்கு அப்புறம் போகலாம். தம்பி சொன்ன அந்தப் போட்டிப் படங்கள் வயிற்று சிடி, கல்லீரலில் கட்டி தேடுவதற்கு எடுத்தவை. அதில் பழகிய நெட்வொர்க்கை அப்படியே நெஞ்சுக்குப் போடக் கூடாது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன படம் என்று பார்ப்போம். வாட்ஸ்அப்பில் வந்தது ஜேபெக். சிடி மெஷினில் ஒவ்வொரு பிக்சலுக்கும், அந்த இடம் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, கெட்டி எலும்பு ஆயிரம் வரைக்கும் போகும். ஜேபெக்கில் இருப்பதோ 256 படிதான். அதனால் ஏதாவது ஒரு விண்டோவை, அதாவது எண் வரம்பை வைத்து அதற்குள் அடங்குவதை மட்டும் அனுப்புவோம். நுரையீரல் பார்க்க அகலம் 1500, நடு மைனஸ் 600. இருதயத்தைச் சுற்றிப் பார்க்க அகலம் 400, நடு 40. இந்த இரண்டாவது விண்டோவில் மைனஸ் 160க்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பு. படத்தின் மூலையில் டபிள்யூ (அகலம்), எல் (நடு) என்று இரண்டு எண் இருக்கும், பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், கெட்டியான நாட்யூல் 30 எண் பக்கம் இருக்கும், சுற்றியிருக்கும் நுரையீரல் மைனஸ் 850 பக்கம். இவ்வளவு வித்தியாசம் உள்ளதை அளவாகப் போட்ட ஃபில்டர் கரைக்காது. கரைந்தால், ஃபில்டருக்கு வரும் முன்பே அது மங்கியிருக்கிறது என்று அர்த்தம். 5 மி.மீ. தடிமனான ஸ்லைஸில் ஐந்தில் நாலு பங்கு நாட்யூலும் ஒரு பங்கு நுரையீரலும் விழுந்தால் சராசரி மைனஸ் 146. 400 அகல விண்டோவில் அது 256 படியில் கறுப்புக்கு ஒன்பது படி மேலே, அவ்வளவுதான். பாதிப் பாதி விழுந்தால் மைனஸ் 410, சுத்தமாகத் தெரியாது.

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். டோஸைக் கால்வாசியாகக் குறைத்தால் நாய்ஸ் இரண்டு மடங்காகும், நாலு மடங்காகாது. கல்லீரலில் ஒரு கட்டிக்கும் பக்கத்துச் சதைக்கும் இருபது முப்பது எண்தான் வித்தியாசம், அங்கே இரட்டிப்பு நாய்ஸ் வந்தால் ஆபத்து. நுரையீரலில் வித்தியாசமே எண்ணூற்றுக்கு மேல். அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடந்து 2011இல் வெளிவந்த என்எல்எஸ்டி ஆய்வில் சராசரி 1.5 மில்லிசீவர்ட் டோஸில்தான் நாட்யூல் தேடினார்கள். வெறும் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இவர்களில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. அத்தனை பேரும் அதிகம் புகைத்தவர்கள், அம்மாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் லோ டோஸ் படத்தில் இந்த அளவு நாட்யூல் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிஎஸ்என்ஆர் பற்றி. ஒரு ஸ்லைஸ் 512-க்கு 512, அதாவது 2,62,144 பிக்சல். 35 செ.மீ. அகலத்துக்கு எடுத்த படத்தில் 6 மி.மீ. நாட்யூலுக்குக் கிடைப்பது அறுபது பிக்சல் மாதிரி. அந்த அறுபதும் மொத்தமாகத் தொலைந்தாலும் பிஎஸ்என்ஆர் பெரிதாக அசையாது. ஓர் ஊரே நன்றாகச் சாப்பிட்டது என்று சராசரி சொல்லும், பட்டினி கிடந்த ஒரு வீடு அதில் தெரியாது. ஆகவே ஃபில்டர் போட்ட பிறகு, போடுவதற்கு முந்தைய படத்திலிருந்து அதைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள். மிச்சத்தில் வெறும் மணல் மாதிரித் தெரிந்தால் நாய்ஸ் மட்டும்தான் போயிருக்கிறது. ரத்தக்குழாயின் கிளையோ வட்டமோ தெரிந்தால், அது நோயாளியின் உடம்பிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டது. நான்-லோக்கல் மீன்ஸைக் கொண்டுவந்தவர்களே இப்படித்தான் ஃபில்டர்களைச் சோதித்தார்கள்.

இன்னொரு விஷயம், என் வேலை சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த ஃபில்டரும் சரிசெய்யாத கெடுதல் படம் எடுக்கும் மேஜையிலேயே வருகிறது. வருஷக்கணக்கில் குனிந்து பீடி சுற்றிய அம்மாக்களுக்குத் தோள் இறுகிப்போயிருக்கும், கையைத் தலைக்கு மேலே தூக்க வராது. கை உடம்போடு ஒட்டிக் கிடந்தால் கதிர் பக்கவாட்டில் இரண்டு கையையும் தாண்டி வர வேண்டும். நெஞ்சின் அடிப்பக்கத்தில் குறுக்கே கோடு கோடாக விழும், உங்கள் அம்மாவின் நாட்யூல் இருக்கும் அதே இடத்தில். நான் முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்து, முடிந்த மட்டும் மெதுவாக ஏற்றிவிடுவேன். தாலியில் கோத்திருக்கும் ஊக்குகளும் நட்சத்திரம் மாதிரி கீற்றுப் போடும். தாலியைக் கழற்று என்று சொன்னால் பாதிப் பேர் கலங்கிவிடுவார்கள். கழற்ற வேண்டியதில்லை, ஊக்கை எடுத்துவிட்டுச் சங்கிலியைத் தாடைப் பக்கம் ஒதுக்கினால் போதும். மூச்சும் அப்படித்தான். மெஷினில் பதிந்த குரலை அணைத்துவிட்டு நானே, "யம்மா, மூச்ச நல்லா உள்ள இழுங்க, அப்படியே அடக்கிக்கிடுங்க" என்று சொல்வேன். அடிப்பக்க நாட்யூல் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். அசைந்த படத்தை எந்தக் கணக்கும் மீட்காது.

அம்பைக்காரி

அண்ணாச்சி, மூலையில் டபிள்யூ 400, எல் 40 என்றுதான் இருக்கிறது! ஸ்கேன் சென்டரில் கேட்டேன், மெஷினின் எண்கள் அப்படியே உள்ள டைகாம் ஃபைல்களை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் 1 மி.மீ. ஸ்லைஸும் இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணிலேயே ஃபில்டர் ஓட்டி, பிறகு நுரையீரல் விண்டோவில் பார்த்தேன். நாட்யூல் ஓரம் தெளிவாக அப்படியே நிற்கிறது. கழித்தும் பார்த்தேன். ஃபில்டர் எவ்வளவு அழுத்தமாக வேலை செய்யும் என்பதற்கான எச் அளவைக் கூட்டக் கூட்ட மிச்சத்தில் ரத்தக்குழாய்க் கிளைகள் எழும்பி வந்தன. குறைத்ததும் மணல்தான். அப்படியானால் எச்சை எவ்வளவு வைக்க வேண்டும்?

ரேடியாலஜி பி.ஜி., நெல்லை

நாய்ஸை அளந்து வையுங்கள். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் காற்றிலும் பெருந்தமனியிலும் சின்ன வட்டம் போட்டு ஸ்டாண்டர்டு டீவியேஷன் (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது, தோள்பட்டை உயரத்தில் இன்னும் மாறும். அதனால் படம் முழுக்க ஒரே எச் சரிவராது. சிடி நாய்ஸ் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாகவும் இருக்காது, படம் உருவாகும்போதே பக்கத்துப் பிக்சல்களோடு கலந்துதான் வருகிறது. நீங்களாகப் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாகச் சேர்த்த காஸியன் நாய்ஸில் நன்றாக ஓடியது நிஜப் படத்தில் தடுமாறும். டிசிஐஏ என்ற புற்றுநோய்ப் படக் களஞ்சியத் தளத்தில் மேயோவின் நெஞ்சுப் படங்களே உண்டு, பத்தில் ஒரு பங்கு டோஸுக்கு ஒப்பாக நாய்ஸ் சேர்த்தவை. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாட்யூல் உள்ளதும் இல்லாததுமாகக் கலந்து, எது ஃபில்டர் போட்டது என்று சொல்லாமல் இரண்டு ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். எத்தனை நாட்யூலைக் கண்டுபிடித்தார்கள் என்பதை பிஎஸ்என்ஆர் பக்கத்திலேயே எழுதுங்கள்.

டைகாம் ஃபைலுக்குள் பெயரும் வயதும் இருக்கும். அம்மாவுடையதுதான் என்றாலும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன் அழித்துவிடுங்கள்.

பாளை ரேடியோகிராபர்

எண்களோடு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆறு மாதம் கழித்து அம்மாவைக் கூட்டிப் போகும்போது இந்த பென்டிரைவையும் கொண்டுபோங்கள். அதே ஸ்லைஸ் தடிமன், அதே கெர்னலில் (படத்தை உருவாக்கும் கணக்கு) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றி எடுத்தால் நாட்யூல் வளராமலேயே அளவு கூடின மாதிரியோ குறைந்த மாதிரியோ வரும். அதுவரைக்கும் அம்மாவை தினமும் கொஞ்ச நேரம் சுவரில் விரலை வைத்து ஏற்றி ஏற்றித் தோளைப் பழக்கச் சொல்லுங்கள், கை மேலே போனால் அடிப்பக்கம் சுத்தமாக வரும்.